அறுவடைக்குப் பிறகு வயலில் நடக்கும் வேலையைப் படம் எடுப்பது: யோசனை தேவை

தாள்வயல்:

வணக்கம். விளைந்து நிற்கும் கதிரை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அறுப்பதையும் எடுக்கிறார்கள். அதற்கு அப்புறம் வைக்கோலைக் கட்டுவது, வண்டியில் ஏற்றுவது, அறுத்தபின் நிலத்தில் நிற்கும் தாளை மடக்கி உழுவது, அடுத்த விதைப்புக்கு நிலத்தைச் சமன் செய்வது என்று எவ்வளவோ வேலை நடக்கிறது. அந்தப் பக்கம் கேமரா திரும்புவதே அபூர்வம். எனக்கு அதைத்தான் ஒரு தொடராக எடுக்க வேண்டும்.

24-70 மி.மீ., 70-200 மி.மீ. என்று இரண்டு லென்ஸ் கையில் இருக்கின்றன. ஆனால் படங்கள் சப்பென்று வருகின்றன. மேலே வெளிறிப்போன வானம், கீழே பழுப்பு நிலம், நடுவில் பொம்மை மாதிரி ஒரு டிராக்டர். அதுவும் நிறுத்தி வைத்தது போலவே தெரிகிறது. நண்பகலில் 200 மி.மீ.யில் எடுத்தால் டிரைபாடில் வைத்தும் கூர்மை இல்லை. லென்ஸில் கோளாறு இருக்குமோ? புழுதியிலிருந்து கேமராவைக் காப்பாற்றவும் வழி சொல்லுங்கள்.

வில்லைக்கண்:

லென்ஸ்மேல் பழி போடாதீர்கள். பயிர் இல்லாத நிலம் வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும். அதை ஒட்டியுள்ள காற்றும் சூடாகி மேலே எழும்பும்போது, அதன் வழியாக வரும் ஒளி வளைந்து நெளிந்துதான் லென்ஸுக்கு வந்து சேரும். தார்ச் சாலையில் கானல் தெரிகிறதே, அதே சங்கதி. டிரைபாடும் உதவாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் நெளிவு நெளிவாகவே பதியும். கிட்டே போவது, இல்லையென்றால் நிலம் சூடேறுவதற்கு முன்பே எடுப்பது, இரண்டுதான் வழி. சந்தேகம் தீர வேண்டுமானால் அதே லென்ஸில், நிழலில் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். அது பளிச்சென்று வந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது.

சாலோரம்:

நான் பல காலமாக எடுப்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கே நிற்பது என்பதைப் பார்ப்போம். உழவு நடக்கும் வயலில் ஒரு கோடு இருக்கும். ஒரு பக்கம் வெளிறிய தாள், மறுபக்கம் இப்போதுதான் புரண்ட கருத்த மண். வேலை முழுவதும் அந்தக் கோட்டில்தான் நடக்கிறது. டிராக்டர் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் கோடு ஒரு கலப்பை அகலத்துக்குத் தள்ளிப்போகும். ஆகவே டிராக்டரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். அது வரப்போரம் வந்து திரும்பும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே பாதுகாப்பான தூரத்தில் நின்றுவிடுங்கள். திரும்பும்போது ஓட்டுநர் கலப்பையைத் தூக்குவார். மண்ணைக் கிழிக்கும் கொழுவிலிருந்து மண் கொத்தாக உதிரும். மண்ணிலேயே தேய்ந்து பளபளப்பான கொழு ஒரு கணம் வெயிலில் மின்னும். அதே நேரம் அவர் ஒரு கையை லிவரில் வைத்தபடி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். முகம், கை, கருவி, மண் நான்கும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. நேர்சாலில் போகும்போது பெரும்பாலும் முதுகுதான் கிடைக்கும்.

டிராக்டர் நின்றது போலத் தெரிவதற்குக் காரணம் ஷட்டர். உழும்போது வண்டி மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். 1/500 விநாடி வைத்தாலே சக்கரம் உறைந்துவிடும். பேனிங், அதாவது வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பியபடி எடுப்பது, செய்யலாம், ஆனால் இவ்வளவு மெதுவான வண்டிக்கு 1/60 எல்லாம் போதாது, 1/15 வரை இறங்க வேண்டும். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்குவதால் பத்தில் ஒன்று தேறினால் பெரிது. எனக்குப் பிடித்த வழி வேறு. ஷட்டரை 1/1000க்கு மேலேயே வைத்துவிட்டு, ஓட்டத்தைக் காட்டும் பொறுப்பை மண்ணிடம் விட்டுவிடுவேன். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் வீசும் கட்டிகள் அந்தரத்தில் நிற்கும். உழவுக்குப் பின்னால் புழு பொறுக்க வரும் கொக்குகள் இறக்கையை விரித்தபடி இருக்கும். அதைப் பார்க்கும் யாருக்கும் வண்டி ஓடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புழுதியைப் பகையாக நினைக்காதீர்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் புழுதி ஒரு பழுப்புத் திரை, அவ்வளவுதான். சாய்வெயில் நேரத்தில், சூரியன் புழுதிக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி நின்றால் அதே புழுதி தகதகவென்று ஒளிரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும், ஆட்கள் வெறும் நிழலாகிவிடுவார்கள். எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டுங்கள். கருத்த மண்ணில் வெள்ளைக் கொக்கு என்றால் நேர் எதிர். மண்ணைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், இறகின் வரிகளெல்லாம் வெளுத்துப் போகும். அங்கே குறைக்க வேண்டும். பிறகு திருத்த வசதியாக, கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள். ஈரமாகப் புரண்ட மண்ணின் பளபளப்பு உறுத்தினால், லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அதை அடக்கும்.

வானம் வெளிறியிருந்தால் அதைப் படத்தில் சேர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? மேடான கரையில் ஏறி, கேமராவைக் கீழே சாய்த்து, சால்களை மட்டும் எடுங்கள். சாய்வெயிலில் ஒவ்வொரு சாலுக்கும் ஒரு நிழல் விழும். இல்லையென்றால் தரையோடு உட்கார்ந்து எடுங்கள், டிராக்டர் அடிவானத்துக்கு மேலே எழும்பி நிற்கும். நின்ற உயரத்தில், நடுத்தூரத்திலிருந்து எடுப்பதால்தான் அது பொம்மையாகிறது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த, உதிர்ந்த கதிர் பொறுக்கும் பெண்களின் ஓவியம். கதிர்ப்போர்களும் வண்டியும் அறுவடைக் கூட்டமும் பின்னால் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில் சின்னச் சின்னதாகத் தெரியும். முன்னால் பெரிதாக மூன்று பெண்கள். இருவர் நன்றாகக் குனிந்து பொறுக்கிறார்கள், ஒருவர் பாதி நிமிர்ந்திருக்கிறார். முகத்தைவிட முதுகும் கையும்தான் பேசுகின்றன. அறுவடை யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்பது அவர்களை நிறுத்திய இடத்திலேயே புரிந்துவிடுகிறது. உங்கள் 24-70ஐ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். வேலை செய்பவரிடம் கேட்டுக்கொண்டு கிட்டே போங்கள், இயந்திரத்தைப் பின்னணியில் விடுங்கள். எடுத்த படத்தை அச்சடித்து அவர் கையில் கொடுங்கள், அது நம் கடமை.

டிரைவர்சீட்:

நான் டிராக்டரும், வைக்கோலைக் கட்டும் இயந்திரமான பேலரும் ஓட்டுபவன். கேமராக்காரர்களிடம் சில விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழற்சி கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும். அதாவது விநாடிக்கு 9 சுற்று. கேமரா வார், துப்பட்டா, தொங்கும் சட்டை நுனி, எது மாட்டினாலும் விலகிக்கொள்ள நேரமே இருக்காது. மூடி போட்டிருந்தாலும் நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகுதான் கிட்டே வர வேண்டும். பேலருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. பெரிய உருளைக் கட்டு நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும், சரிவில் விழுந்தால் உருண்டுகொண்டே போகும். நாங்கள் கீழே இருப்பவரைப் பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் கை காட்டினால்தான் பார்த்தார் என்று அர்த்தம்.

புழுதிக்கு: வயலில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். என் வண்டியில் வந்த ஒரு படக்காரர் இரண்டு கேமராவில் இரண்டு லென்ஸைப் போட்டே கொண்டுவந்தார். கண்ணாடியில் தூசி படிந்தால் முதலில் காற்றடிக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். எடுத்தவுடன் துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

தாள்வயல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பி.டி.ஓ. பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. வாரை முதலில் கழற்றி வைக்கிறேன். @டிரைவர்சீட் அண்ணா, வைக்கோல் கட்டுவதைக் காலை வெளிச்சத்தில் எடுக்க நினைத்தேன். எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?

டிரைவர்சீட்:

விடியற்காலையில் கட்ட மாட்டோம்மா. பனி ஈரத்தோடு கட்டினால் வைக்கோல் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். வெயில் ஏறி நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆரம்பிப்போம், பொழுது சாயும்வரை ஓடும். உங்களுக்கு மாலை வெளிச்சம்தான் சரி. ஆனாலும் காலையிலேயே வாருங்கள். ஈரம் காயக் காத்திருக்கும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்து, கிரீஸ் அடித்து, நூல் பந்து மாற்றி, சிக்கிய வைக்கோலைக் கையால் பிடுங்குவோம். அப்போது எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம்.