லேசிக்: ஸ்கேனில் 498 மைக்ரான், தை மாசம் கல்யாணம். இப்போ செய்யலாமா?

வெயிலூர்வாசி, வேலூர்

கண்ணாடி பவரைப் போக்கும் லேசிக் என்ற லேசர் அறுவை பற்றித் தங்கைக்காகக் கேட்கிறேன். வயசு 23. ஆம்பூரில் ஷூ கம்பெனியில், பசை ஒட்டும் பிரிவில் வேலை. வலது கண் மைனஸ் 5.50, சிலிண்டர் மைனஸ் 1.00. இடது மைனஸ் 5.00, சிலிண்டர் மைனஸ் 0.75. இரண்டு வருஷமாகப் பவர் மாறவில்லை. தினமும் சாஃப்ட் டோரிக் கான்டாக்ட் லென்ஸ் (சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் வகை) போடுகிறாள். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு.

ஒரு சென்டரில் காட்டினோம். முதல் நாள் ராத்திரி லென்ஸைக் கழற்றினாள், மறுநாள் காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருவிழி கனம் வலது 498, இடது 503 மைக்ரான். "தாராளமா லேசிக் பண்ணலாம், வர்ற சனிக்கிழமை வாங்க" என்றார்கள்.

498 போதுமா? ஸ்மைல் என்ற இன்னொரு வகை லேசர் பண்ணினால் பிளேடே கிடையாது, அதுதான் பாதுகாப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியா? அவளுக்குக் கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்குக் கண் காய்ந்து போகுமோ என்றும் பயமாக இருக்கு.

---

பாலாற்று மணல், ராணிப்பேட்டை (ஆப்டோமெட்ரி)

முதலில் சனிக்கிழமையை ரத்து பண்ணுங்க. அறுவைக்குத் தகுதி உண்டா இல்லையா என்பது அப்புறம். அந்த ஸ்கேனையே கணக்கில் எடுக்க முடியாது. லென்ஸ் கருவிழியை அழுத்தி, அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றி வைத்திருக்கும், லேசான வீக்கமும் இருக்கும். சாதாரண சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், டோரிக் என்றால் இரண்டு வாரம், கெட்டியான ஆர்.ஜி.பி. லென்ஸ் என்றால் மூன்று நாலு வாரம் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்கேன். ராத்திரி கழற்றி காலையில் எடுத்த படத்தில் சிலிண்டர் அளவும் அச்சும் தப்பாக வரலாம். லேசர் அந்தத் தப்பான அச்சில்தான் செதுக்கும்.

இனி 498. கனம் மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, கழித்துப் பார்க்கணும். 6.5 மி.மீ. அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) சுமார் 15 மைக்ரான் போகும். வலது கண்ணில் பவரும் சிலிண்டரும் சேர்ந்து அதிகபட்சம் 6.50, அதாவது 98 மைக்ரான். லேசிக்கில் கருவிழியின் மேல் அடுக்கை வெட்டித் தூக்கும் மூடி, அதாவது ஃப்ளாப், 110 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 208. மிச்சம் 290.

அடியில் 250-க்குக் கீழே போகவே கூடாது. கவனமான டாக்டர்கள் 300 மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். இன்னொரு கணக்கும் உண்டு: ஃப்ளாப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால், பிற்காலத்தில் கருவிழி முன்னால் பிதுங்கும் அபாயம் கூடுகிறது. எக்டேசியா என்பது இதுதான். 498-இல் 208 கிட்டத்தட்ட 42 சதவீதம். இடது கண் 196 போய் 307 மிச்சம், 39 சதவீதம், நூலிழையில் தப்பிக்கிறது. வலது தப்பவில்லை.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும், கவனிங்க. செதுக்கும் அகலத்தை 6 மி.மீ. ஆக்கினால் டயாப்டருக்கு 13 போதும். வலது கண்ணும் 303 மிச்சம் என்று பேப்பரில் பாஸ் ஆகிவிடும். ஆனால் ராத்திரியில் அவள் கண்மணி 7 மி.மீ. விரிந்தால், செதுக்காத ஓரம் வழியாகவும் வெளிச்சம் உள்ளே வரும். எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். அதனால் இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்களா, எத்தனை மி.மீ. அகலம் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டையும் கேளுங்க.

கண் கசக்குவதைச் சாதாரணமாக விடாதீங்க. நம்ம பக்கம் தூசியிலும் வெக்கையிலும் அலர்ஜிக் கண் நிறைய. வருஷக்கணக்காகக் கசக்குபவர்களுக்கு கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பாவது, ஆரம்ப நிலையில் வெளியே தெரியாமல் இருக்கலாம். அந்தக் கண்ணில் லேசிக் செய்தால் கெடுதல் வரும் அபாயம் ரொம்ப அதிகம். கருவிழியின் பின்பக்க மேடு, மிக மெல்லிய இடம் எங்கே இருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை எல்லாம் பென்டாகேம் என்ற கருவிழி ஸ்கேனில் பார்க்கணும். அரிப்புக்கு முதலில் அலர்ஜி மருந்து, கசக்குவதை நிறுத்துவது, அப்புறம் மறு ஸ்கேன்.

---

கோட்டை அகழி, வேலூர்

ஸ்மைல் பற்றி. "பிளேடு இல்லாதது" என்பது விளம்பர வார்த்தை. ஃபெம்டோ லேசிக்கிலும் பிளேடு கிடையாது, ஃப்ளாப்பை லேசரே வெட்டும். ஸ்மைலில் ஃப்ளாப் இல்லாமல் 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுப்பார்கள். நன்மை என்னவென்றால் வெட்டுப்படும் நரம்பு குறைவு, அதனால் கண் வறட்சியும் குறைவு. அடிபட்டு ஃப்ளாப் நகரும் பயமும் இல்லை.

ஆனால் மெல்லிய கருவிழிக்கு ஸ்மைல்தான் வழி என்று நினைக்காதீங்க. அந்த வில்லையைக் கிழியாமல் உருவ ஓரத்தில் ஒரு 15 மைக்ரான் கூடுதலாக வைப்பார்கள். மேல்மூடி 120, வில்லை 113 என்று போட்டால் 498-இல் மிச்சம் 265. லேசிக்கை விடக் குறைவு! மேல்பகுதி இழைகள் வெட்டுப்படாமல் இருப்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று டாக்டர்கள் வாதம் செய்வார்கள், அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் இந்த எண்ணோடு ஸ்மைலைப் பரிந்துரைத்தால் காரணம் கேட்கணும்.

இந்த அளவுக்குக் கணக்கில் ஒத்துவருவது பி.ஆர்.கே. ஃப்ளாப் கிடையாது. மேல்தோல் சுமார் 50 மைக்ரானை நீக்கி நேராகச் செதுக்குவது. 498-இல் 50-ம் 98-ம் போனால் 350 மிச்சம், அந்த மேல்தோலும் திரும்ப வளர்ந்துவிடும். விலை என்ன என்றால் வலி. முதல் மூன்று நாள் கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி எரியும், தண்ணீர் கொட்டும். நாலு அல்லது ஐந்தாம் நாள் வரை புண்ணை மூடும் கட்டு லென்ஸ் இருக்கும், அதை டாக்டர்தான் எடுக்கணும். உறுத்துகிறதே என்று வீட்டில் எடுத்தால் புண் ஆறாது. இந்தப் பவருக்குத் தழும்பு மூட்டம் வராமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தை 0.02 சதவீத அளவில் சில வினாடி வைத்துக் கழுவுவார்கள். ஸ்டீராய்டு சொட்டு ஒன்று முதல் மூன்று மாதம் வரை படிப்படியாகக் குறைப்பார்கள். இடையில் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்க, ஸ்டீராய்டில் சிலருக்கு அழுத்தம் ஏறும்.

---

வெயிலூர்வாசி

பெரிய உதவி சார். அப்போ இன்னிக்கே லென்ஸ் கழற்றி, பதினைந்து நாளில் ஸ்கேன், உடனே பி.ஆர்.கே. என்றால் கல்யாணத்துக்கு நாலரை வாரம் கிடைக்குமே? கண் வறட்சிக்கு என்ன செய்யணும்?

---

கற்பூரவள்ளி, குடியாத்தம் (ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்)

வேண்டாம் தம்பி. நாலு வாரத்தில் நடமாடலாம், வேலைக்குப் போகலாம், ஆனால் பார்வை தெளிவாகி நிலைக்க ஒன்றிலிருந்து மூன்று மாதம். ஸ்டீராய்டு சொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மணமேடையில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே ஓமப்புகை. பொண்ணுக்கு மை, ஐலைனர், ஒட்டுற இமை வேறு. வீடியோகாரர் விளக்கை நேரே அடிப்பார். அன்னிக்கு டெய்லி டிஸ்போசபிள் டோரிக் லென்ஸ் போதும். லென்ஸைப் போட்ட பிறகுதான் மேக்கப் போடணும், கழற்றிய பிறகுதான் கலைக்கணும், ராத்திரி போட்டபடி தூங்கக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு செய்வதாக இருந்தாலும் ஒரு விஷயத்தை வீட்டுப் பெண்கள் அவளிடம் பேசட்டும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவர் மாறும், லேசர் செய்வதில்லை. குழந்தையைத் தள்ளிப்போடுகிறார்களா இல்லையா என்று தெரிந்துகொண்டு தேதி வைக்கணும்.

கண் வறட்சி விஷயம். அறுவைக்கு முன்னாலேயே கண்ணீர் அளக்கச் சொல்லுங்க. காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிஷத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது, கண் சிமிட்டாமல் இருந்தால் கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் உடைகிறது என்று இரண்டு சோதனை. 10 வினாடிக்குக் குறைவு என்றால் முதலில் அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் லேசர். அறுபட்ட நரம்பு வளர லேசிக்கில் மூன்றிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும். பசை நெடி, தலைக்கு மேலே ஃபேன், இரண்டும் கண்ணை இன்னும் காய வைக்கும். செய்த முதல் மாதம் வேறு பிரிவில் போடச் சொல்லிக் கேட்கணும். அக்னி நட்சத்திரத்தில் செய்யாதீங்க, வெயில் பட்டால் பி.ஆர்.கே. கண்ணில் மூட்டம் வரும் வாய்ப்பு கூடும். எந்த மாசமானாலும் புற ஊதாக் கதிர் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

சொட்டு போடுவதில்தான் பாதிப் பேர் தப்பு பண்ணுவாங்க. கையைக் கழுவி, படுத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்தால் ஒரு பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் மூக்கு இமை மயிரில் படக் கூடாது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் மூக்கோர மூலையை விரலால் லேசா அமுக்கணும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி, இல்லாவிட்டால் ரெண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்டு சொட்டை நல்லா குலுக்கணும், மருந்து அடியில் தங்கிவிடும். ஜெல் கடைசியில்.

அப்புறம் நம்ம வீட்டுப் பழக்கம்: வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய். ஒரு மாதம் அதை மறந்துடணும். தலைக்கு ஊற்ற வேண்டுமானால் பின்னால் சாய்ந்து வேறு யாராவது ஊற்றட்டும். கிணறு, நீச்சல் குளமும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். தூங்கும்போது ஒரு வாரம் கண் கவசம்.

எது வந்தால் ராத்திரியானாலும் போகணும்: லேசிக்கில் முதல் நாளை விட இரண்டாம் மூன்றாம் நாள் பார்வை மங்குவது, வலி ஏறுவது, வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசுவது. ஃப்ளாப்புக்கு அடியில் அழற்சி வந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும், சீக்கிரம் ஸ்டீராய்டைக் கூட்டினால் அடங்கும். பி.ஆர்.கே.-யில் குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால் அதுவும் அவசரம்தான்.

---

பாலாற்று மணல்

நர்ஸம்மா சொன்னதோடு சில சில்லறை விஷயங்கள். கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தார்களா? மைனஸ் 5-க்கு மேல் விழித்திரை ஓரத்தில் மெலிவோ ஓட்டையோ இருக்கலாம். லேசர் பவரைத்தான் போக்கும், நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். மின்னல் அடிப்பது போலவோ கரும்புள்ளி மழை போலவோ தெரிந்தால் பத்து வருஷம் கழித்தும் உடனே காட்டணும்.

இன்சூரன்ஸ் எதிர்பார்க்காதீங்க, 7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்கு மருத்துவ பாலிசிகள் தருவதில்லை. சொல்லும் தொகை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, மிச்சப் பவர் இருந்தால் மறுபடி செய்வதும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்க.

அறுவைக்கு முந்தைய ஸ்கேன், பவர் சீட்டு இரண்டையும் பத்திரம் மாதிரி பீரோவில் வையுங்க. வயசான பிறகு கண்புரைக்கு லென்ஸ் கணக்குப் போட அந்த எண்கள் உதவும். லேசர் செய்த கண்ணில் அழுத்தமும் குறைவாகக் காட்டும், யார் அழுத்தம் பார்த்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடணும்.

கடைசியா ஒன்று, அந்த 498 நடுப்புள்ளியா, மிக மெல்லிய இடமா? பேப்பரில் பாருங்க.

---

வெயிலூர்வாசி

பார்த்தேன். நடுப்புள்ளி 498. அதுக்குக் கீழே "தின்னஸ்ட் லொக்கேஷன்" என்று 489 போட்டிருக்கு. இடது 496. விழித்திரை பார்க்கவில்லை.

---

பாலாற்று மணல்

489-இல் 208 போனால் 281. அதாவது 42.5 சதவீதம். வலது கண்ணுக்கு லேசிக் வேண்டாம். கல்யாணம் முடிந்த பிறகு இரண்டு வாரம் லென்ஸ் இல்லாமல் இருந்து, புது ஸ்கேனும் விழித்திரைச் சோதனையும் ஒரே நாளில் எடுங்க. கண் விரிக்கும் சொட்டுக்கு முன்னால் ஸ்கேன், பின்னால் விழித்திரை. ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கு, கருவிழி பற்றி இரண்டாவது கருத்துக்கு அங்கே காட்டலாம். இந்தப் பழைய பேப்பரையும், கையில் இருக்கிற எல்லாப் பழைய கண்ணாடிச் சீட்டையும் எடுத்துப் போங்க. அவளே வண்டி ஓட்டிப் போக வேண்டாம், சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் வெயில் கூசும்.