‘சிட்-இன்’னின் வாலுக்குத் தமிழ் என்ன?

அன்பு நண்பர்களுக்கு,

திங்கட்கிழமை ஒரு சொல் கேட்டேன். வியாழனுக்குள் பதினேழு மடல். தனித்தனியே பதில் போட்டால் இழை சிக்கிக்கொள்ளும். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே.

கேள்வியையே நான் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. ‘சிட்-இன்’னுக்கு, அதாவது அனுமதி மறுக்கப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்து போராடுவதற்கு, தமிழ் கேட்டேன். எனக்கு வேண்டியது அதன் வாலான ‘இன்’னுக்குத் தமிழ். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை 1960களின் அமெரிக்காவைப் பற்றியது. அதில் இந்த ‘இன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கறுப்பினத்தவர் வெள்ளையர் தேவாலயத்தில் போய் மண்டியிட்டால் நீல்-இன், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடற்கரையில் இறங்கினால் வேட்-இன், நூலகத்தில் உட்கார்ந்து படித்தால் ரீட்-இன். பிறகு டீச்-இன், பி-இன், கடைசியில் லாஃப்-இன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தமிழ் செய்துவைத்தால், இவை ஒருதாய்ப் பிள்ளைகள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

> ‘உள்ளிருப்புப் போராட்டம்’ என்று நாளிதழில் எவ்வளவோ காலமாக எழுதுகிறோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

ஐயா, முதல் படியில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் உள்ளிருப்பு என்றதும் கண்ணுக்கு வருவது ஆலை. தொழிலாளி தன் ஆலைக்குள்ளேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியேற மறுப்பது. அமெரிக்காவிலும் அது உண்டு. 1936 டிசம்பர் 30 தொடங்கி 44 நாள், மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் நடந்தது அதுதான். அதை அவர்கள் சிட்-டவுன் என்றார்கள்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்தது வேறு. அதுதான் சிட்-இன். கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், எல்லோரும் கல்லூரியில் முதலாண்டு. உல்வொர்த் கடைக்குள் போகிறார்கள். பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டுக் கவுன்ட்டரில், வெள்ளையருக்கான இருக்கையில் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். காபி வரவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ரசீதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் கவுன்ட்டரில் செல்லுபடியான என் காசு இந்தக் கவுன்ட்டரில் ஏன் செல்லாது? இது தன் இடத்தை விட்டுப் போக மறுப்பதல்ல. உனக்கில்லை என்ற இடத்தில் போய் உட்காருவது. மார்ச் முடிவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிவிட்டது. ஜூலை 25 அன்று கிரீன்ஸ்பரோ கடையும் இறங்கிவந்தது.

> மறியல் போதாதா? அமர்மறியல்?

யாரை மறித்தார்கள்? அவர்கள் கேட்டது ஒரு காபி. இதே போராட்டத்துக்கு நாஷ்வில் நகர மாணவர்களைத் தயார்செய்த ஜேம்ஸ் லாசன், நாகபுரியில் மூன்றாண்டு இருந்து காந்தியின் முறையைக் கற்றுக்கொண்டு போனவர். அவருடைய பயிற்சியில் சிலர் எதிராளியாக நடித்து மற்றவர்களின் தலைமயிரை இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏச்சு வாங்குகிறவர் அசையாமல் இருக்கப் பழகவேண்டும். மறிப்பதற்கு இந்தப் பயிற்சி எதற்கு? இருப்பதற்குத்தான்.

> அமர்போர். ‘அமர்’ என்றால் உட்கார். ‘அமர்’ என்றால் போரும்கூட. குறளில் ‘அமரகத்து’ வருகிறது. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது.

அம்மா, இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். தனிச்சொல்லாக இதை அடிக்க ஆளில்லை. ஆனால் வால் அடுத்த சொல்லிலும் ஒட்டவேண்டுமே. ரீட்-இன் ‘படிபோர்’ ஆகும். மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தோடு ஒரு ‘ப்’ சேர்த்தால் ‘படிப்போர்’! டீச்-இன் ‘கற்பிப்போர்’ ஆகிவிடும். போராட்டத்தைக் காணோம், ஆசிரியர்கள் மட்டும் வரிசையாக நிற்கிறார்கள்.

> நம் வழக்கைப் பாருங்கள்: நாற்று நடும் போராட்டம், ஒப்பாரி வைக்கும் போராட்டம், குடியேறும் போராட்டம். எந்த வினையோடும் ‘போராட்டம்’ சேரும். அதுதான் உங்கள் ‘இன்’.

வந்த பதினேழில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அந்தத் தசாப்தம் பாதியில் நின்றிருந்தால் இதையே எடுத்துக்கொண்டிருப்பேன்.

1965 மார்ச்சில் வியட்நாமில் குண்டுவீச்சு தொடர் தாக்குதலாக மாறுகிறது, அமெரிக்கத் தரைப்படை இறங்குகிறது. அதை எதிர்த்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒருநாள் வகுப்பை நிறுத்துவதாகச் சொல்ல, மாநிலமே கொதிக்கிறது. அப்போது மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் தலைகீழாக ஒன்று சொல்கிறார்: நிறுத்தவேண்டாம், விடியவிடிய நடத்துவோம். அதுதான் டீச்-இன். 24ஆம் தேதி இரவு 8 மணிமுதல் மறுநாள் காலை 8 மணிவரை. மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். விடுதி மாணவிகளுக்கு அந்த ஓர் இரவு நேரக்கட்டுப்பாடு கிடையாது. நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கைக் காலிசெய்ய, வெளியே குளிரில் நின்றபடி தொடர்ந்தார்கள். இதுவரை ‘போராட்டம்’ பொருந்துகிறது.

அடுத்தது இடிக்கிறது. 1967 ஜனவரி 14, சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்கா. கலிஃபோர்னியாவில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் தடைசெய்யப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பல்லாயிரம் பேர் கூடினார்கள். பாட்டு, கவிதை, கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் மந்திர ஓதல். கோரிக்கை என்று ஒன்றும் இல்லை. சும்மா இருக்க வந்தார்கள். பெயரும் அதுதான், பி-இன். இதற்குப் போய் ‘இருக்கும் போராட்டம்’ என்பதா? அதற்கடுத்த ஆண்டு என்பிசி தொலைக்காட்சியில் லாஃப்-இன் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. 1968 செப்டம்பர் 16 அன்று, அதிபர் தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கையில், வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் அதில் சில விநாடி தலைகாட்டி, நிகழ்ச்சியின் வழக்கமான கேலி வசனம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். கிரீன்ஸ்பரோவில் காபி கேட்ட வால், எட்டரை ஆண்டில் நிக்சனுக்கு ஓட்டுச் சேர்க்க வந்துவிட்டது. கட்டுரையின் உயிரே இந்தச் சறுக்கல்தான். வாலில் ‘போராட்டம்’ என்று கட்டிவிட்டால் அது சறுக்க முடியாது.

என் முன்மொழிவு: ‘இருப்பு’. காத்திருப்புப் போராட்டம் என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். அதிலிருந்து போராட்டத்தைக் கழற்றினால் அமர்ந்திருப்பு, மண்டியிட்டிருப்பு, கூடியிருப்பு, படித்திருப்பு, கற்பித்திருப்பு. ஐயாவின் ‘உள்ளிருப்பு’ம் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும்.

* * *

அம்மணி,

நாற்பது வருஷம் செய்தி மேசையில் இருந்தவன் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். ‘அமர்ந்திருக்கிறார்’ என்றால் இப்போது உட்கார்ந்த நிலையில் இருக்கிறார். ‘படித்திருக்கிறார்’ என்றால்? பி.ஏ. படித்திருக்கிறார்! நிலையைச் சொல்லும் வினையோடு ‘இருப்பு’ ஒட்டும். செயலைச் சொல்லும் வினையோடு ஒட்டினால் வேலை முடிந்துபோனதாகிவிடும். உடனே ‘நூலிருப்பு’ என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது நூலகர் ஆண்டுக் கடைசியில் எண்ணுவது.

மற்றபடி கூடியிருப்பு நன்றாக இருக்கிறது. உள்ளிருப்பைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியதில் வருத்தமே.

* * *

ஐயா,

கோபமா! ‘கற்பித்திருப்பு’ வாயில் ஏன் நெருடியது என்று இரண்டு நாளாகப் புரியாமல் இருந்தேன். தோற்றேன்.

ஆகவே இப்படிச் செய்கிறேன். நிலைவினைகளுக்கு ‘இருப்பு’: அமர்ந்திருப்பு, மண்டியிட்டிருப்பு, கூடியிருப்பு. கடற்கரையில் நடந்ததற்கு ‘நீரில் இறங்கியிருப்பு’ என்று எழுதிப்பார்த்தேன். நீர்மட்டம் குறைந்தது மாதிரி இருக்கிறது. அதனால் கடலில் இறங்கும் போராட்டம். 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நூலகத்தில் டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் உட்கார்ந்து படித்துக் கைதானது நூல் படிக்கும் போராட்டம். டீச்-இன் முதல் தடவை ‘பாடம் நடத்தும் போராட்டம்’, பிறகு ‘பாடப் போராட்டம்’. லாஃப்-இன் நிகழ்ச்சிப் பெயர், அப்படியே ஒலிபெயர்ப்பு. ஒரே வால் கிடைக்கவில்லை, இரண்டு கிடைத்திருக்கிறது. இவை ஆங்கிலத்தில் ஒரே குடும்பம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிச் சமாளிக்கிறேன்.

ஒன்று மிச்சம். 1969 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் தேனிலவையே சமாதானப் பிரசாரமாக்கி, ஓட்டல் படுக்கையில் ஒரு வாரம் நிருபர்களைச் சந்தித்தார்களே, அந்த பெட்-இன். அமெரிக்காவில் நடந்ததல்ல, ஆனால் கட்டுரையில் இருக்கிறது. ஐயாவின் விதிப்படி ‘படு’ நிலைவினை. எனவே ‘படுத்திருப்பு’ என்று போட்டுவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை பக்கம் கட்டுகிறார்கள்.