ஹெட்டிரோசைக்ளிக்: பல்லினமா, வேற்றணுவா?

நண்பர்களே, மருந்தியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஹெட்டிரோசைக்ளிக் (வளையத்தில் கார்பனோடு வேறு தனிமத்தின் அணுவும் உள்ள சேர்மம்) என்ற சொல் ஒரே பாடத்தில் நாற்பது இடத்தில் வருகிறது. 'பல்லின வளையச் சேர்மம்' என்று போட்டேன். படித்துப் பார்த்தவர், மக்களினம் ஞாபகம் வருகிறது என்று வட்டமிட்டுத் திருப்பிவிட்டார். என்ன போடலாம்?

---

அம்மா, பொருளும் இடிக்கிறது. பிரிடின் வளையத்தில் ஐந்து கார்பன், ஒரே ஒரு நைட்ரஜன். மொத்தம் இரண்டே இனம். 'பல்' எங்கே வந்தது? 'வேற்றணு வளையம்' போடுங்கள்.

---

தமிழில் இருமை கிடையாதே ஐயா, ஒன்றைத் தாண்டினால் பன்மைதான். 'பல்' மேல் குற்றமில்லை. சிக்கல் வேற்றணுவில்தான். ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவது போல ஒற்று இரட்டியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வேற்றுமைப் புணர்ச்சிக்கு உரியது, இதுவோ பண்புத்தொகை. சரி, வேற்றாள், வேற்றூர் எல்லாம் வழக்கில் இருப்பதால் விடுகிறேன். 'அணு'வை வடசொல் என்பார்கள், அதை மட்டும் விடமாட்டேன். அண், அண்மை, அணுகு என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள்: நெருங்கினால்தான் தெரியும் பொருள்.

---

நெருங்கினாலும் தெரியாது ஐயா, அதனால்தான் அணு!

வேர் தோண்டுமுன் அந்த நைட்ரஜனின் வேலையைப் பாருங்கள். படர்தாமரைக்குப் பூசும் க்ளோட்ரிமசோலில் இருப்பது இமிடசோல் வளையம்: மூன்று கார்பன், இரண்டு நைட்ரஜன். ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் மீதியைத் தாங்குகிறது. மற்றது பிணைப்பில் சேராத தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையால் பூஞ்சை நொதியின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்கினால் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் உருவாகாது, பூஞ்சையின் சவ்வு பழுதாகும். வெறும் கார்பன் வளையத்திடம் அப்படிப் பிடிக்க எலக்ட்ரான் இரட்டை ஏது? வேலை செய்வது வேற்றாள். பெயரும் அவனைக் காட்டட்டும்.

---

இமிடசோல், க்ளோட்ரிமசோல் என்ற பெயர்களின் கடைசியில் வரும் அசோல் என்பதே 'அசோட்'டிலிருந்து வந்ததுதான். நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே வைத்த பெயர், கிரேக்க வேரில் உயிரற்றது என்று பொருள். 'உயிரிலி வளையம்' எப்படி?

---

மருந்துப் பாடத்தில் உயிரிலியா? வேண்டாம் சாமி. பேசாமல் ஹெட்டிரோசைக்ளிக் என்றே விடுங்கள். மாணவர் வேறு எதைத் தேடுவார்?

---

எல்லோருக்கும் நன்றி. வேற்றணுவுக்குத்தான் ஆதரவு அதிகம், பல்லினத்துக்கு ஒருவர், உயிரிலிக்கு அதைச் சொன்னவர் மட்டும். 'வேற்றணு வளையச் சேர்மம்' என்று மாற்றி, முதல் இடத்தில் மட்டும் ஹெட்டிரோசைக்ளிக்கை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். நாற்பது இடமும் திருத்த வேண்டும், அப்புறம் சந்திப்போம்.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அணுவுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.