700 கிலோமீட்டர், 60 யூனிட் பேட்டரி: எங்கே நிறுத்தலாம், எவ்வளவு ஏற்றலாம்?

புதுச்சாவி:

வணக்கம். மின்சார கார் வாங்கியதிலிருந்து ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரவில் வீட்டில் சார்ஜ், பகலில் ஓட்டம், ஒரு கவலையும் இல்லை. அடுத்த மாதம் முதல்முறையாக ஒரே நாளில் 700 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு போகிறேன், வயதான அப்பாவும் வருகிறார், அதனால் நடுவழியில் நின்று முழிக்கிற நிலைமை வந்துவிடக் கூடாது.

பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 60 யூனிட். டிசியில், அதாவது வழியில் இருக்கும் வேகச் சார்ஜரில், அதிகபட்சம் 120 கிலோவாட், ஏசியில், அதாவது வீட்டில் போடுகிற மாதிரி மெதுவான சார்ஜரில், 7.2 என்று போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நிறைத்தால் ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், கம்பெனி சொல்வது 450 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் குடிக்கிறது. எத்தனை இடத்தில் நிறுத்தலாம், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஏற்றலாம், போய்ச் சேர்கிற சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றவே கூடாது என்று ஒருவர், எல்லா இடத்திலும் 100 ஏற்று என்று இன்னொருவர்.

ஓம்விதி:

முதலில் கம்பெனி சொன்ன ரேஞ்சை மறந்துவிடுங்கள். டாஷ்போர்டில் காட்டும் கிலோமீட்டரையும்தான், பெரும்பாலான வண்டிகளில் அது நீங்கள் நேற்று வரை ஊருக்குள் ஓட்டியதை வைத்துச் சொல்கிற ஊகம். சதவீதத்தை மட்டும் பாருங்கள். உங்கள் வண்டியில் ஒரு சதவீதம் என்றால் 0.6 யூனிட், 18 யூனிட் கணக்கில் அது 3.3 கிலோமீட்டர். இந்த 3.3 மனதில் இருந்தால் மீதிக் கணக்கு முழுவதையும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போட்டுவிடலாம்.

வீட்டில் 100 ஏற்றிக் கிளம்புங்கள். 10 மிச்சம் இருக்கும்வரை ஓட்டினால் தாளில் 300 கிலோமீட்டர் வரும், ஆனால் அப்பாவை வைத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போக மாட்டீர்கள், அதனால் 250ல் நிறுத்துங்கள், 25 சதவீதம் இருக்கும். அங்கே 80 வரை ஏற்றி அடுத்த 220 கிலோமீட்டர் போனால் 14ல் சேர்வீர்கள். மிச்சம் 230 கிலோமீட்டர், அதற்கு 69 சதவீதம் வேண்டும், இரவில் புது இடத்துக்குப் போகிறீர்கள் என்பதால் 85 வரை ஏற்றிக்கொள்ளுங்கள், 16ல் போய் இறங்கலாம். இரண்டு நிறுத்தத்திலும் சேர்த்து ஏற்றுவது 75 யூனிட் சுமார். சராசரியாக 70 கிலோவாட் கிடைத்தால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், சாப்பிடவும் கை கால் நீட்டவும் எப்படியும் அந்த நேரம் தேவைப்படும்.

சராசரி 70 என்று ஏன் சொல்கிறேன் என்றால், 120 என்பது உச்சம் மட்டும்தான். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும், பாதியைத் தாண்டினால் குறைத்துக்கொண்டே வரும், 80க்கு மேல் நன்றாகவே இறங்கிவிடும். குடம் நிரம்பப் போகும்போது குழாயைச் சின்னதாகத் திறந்துவைப்பது மாதிரி, செல்களின் மின்னழுத்தம் எல்லையைத் தொட்டதும் வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பல வண்டிகளில் கடைசி 20 சதவீதத்துக்கு ஆகிற நேரம், 10லிருந்து 80 போக ஆன நேரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். 80ல் கழற்று என்பதற்கு முதல் காரணம் நேரம், பேட்டரி ஆயுள் அப்புறம்தான்.

இன்னொன்று, சார்ஜர் மேல் எழுதியிருக்கிற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். வாட் என்பது வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கியது. 150 கிலோவாட் என்று எழுதியிருக்கும், கேபிள் 200 ஆம்பியர்தான் தரும் என்றால் 400 வோல்ட் பேட்டரிக்கு 80 கிலோவாட்தான் கிடைக்கும், 800 வோல்ட் வண்டிக்காரர் அதே கன்னில் (கேபிள் முனையில் வண்டிக்குள் செருகும் பிடி) 150ஐ எடுத்துக்கொண்டு போவார். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து செருகியதும் உங்களுடையது பாதியாகலாம். இடம் காலியாக இருந்தால் யாரும் நிற்காத பெட்டியாகப் பார்த்து நிறுத்துங்கள்.

எதிர்க்காற்று:

ஓம்விதி சொன்ன கணக்கு சரி, ஆனால் அந்த 18 யூனிட் அன்றைக்கு 18ஆகவே இருக்குமா என்பதுதான் விஷயம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100லிருந்து 120க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைக் கிழிக்கிற செலவு மட்டும் 44 சதவீதம் கூடும். 100ல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் வண்டிக்கு அதே கதைதான், நீங்கள் 120ல் போவதாகத்தான் அது நினைத்துக்கொள்ளும். கிளம்புகிற நாள் காலையில் காற்றின் திசையைப் பார்த்துவிடுங்கள், மழையைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. கூரையில் பெட்டி கட்டினால் அதற்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றம்: 1800 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் ஏற, சாதாரண ஓட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 5 யூனிட் வேண்டும், இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். உங்கள் வண்டியில் 8, 9 சதவீதம். இறங்கும்போது நல்ல பங்கு திரும்ப வந்துவிடும், முழுவதும் வராது. மலை உச்சியில் 100 ஏற்றிக்கொண்டு இறங்கினால் அதுவும் போச்சு, நிறைந்த பேட்டரிக்குள் எதைத் திருப்பிப் போடுவது?

காரைக் குளிர்விக்கும் ஏசியைப் போடாமல் வியர்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். குளிர்விக்க 1.5 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 100 வேகத்தில் அது 100 கிலோமீட்டருக்கு 1.5 யூனிட்தான். வேகத்தை 10 குறைத்தால் அதைவிட அதிகமாக மிச்சமாகும். நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் பயப்பட வேண்டாம், ஒரு மணி நேரம் ஏசி ஓட அப்படியே நின்றாலும் போவது இரண்டு மூன்று சதவீதம். கடுங்குளிர் வேறு கதை, ஹீட் பம்ப் (வெளியில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துக் குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் கருவி) இல்லாத வண்டியில் ஹீட்டர் தனியாக 3, 4 கிலோவாட் எடுக்கும், பேட்டரியும் சில்லிட்டுப் போயிருந்தால் டிசி சார்ஜர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மெதுவாகத்தான் வாங்கும். குளிர்ந்த செல்லில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும் என்பதால் வண்டியே தடுக்கும். பேட்டரியை முன்கூட்டியே சூடேற்றும் வசதி இருந்தால் சார்ஜரையே நேவிகேஷனில் சேருமிடமாகப் போடுங்கள், பல வண்டிகள் அப்போதுதான் அந்த வேலையை ஆரம்பிக்கும்.

நேர்வழி:

இவ்வளவு கணக்கு வேண்டாம் ப்ரோ. ஏ பெட்டர் ரூட்பிளானர் செயலியில் வண்டி மாடலையும் போகிற இடத்தையும் போடுங்கள், எங்கே நிறுத்து, எத்தனை நிமிடம் நிறுத்து என்று அதுவே சொல்லும். எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு போனால் பயணமா அது, பரீட்சை.

நள்ளிரவு ஓட்டம்:

நேர்வழி, அந்தச் செயலி நல்ல செயலிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது போடுகிற கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், போய் நிற்கிற சார்ஜர் உயிரோடு இருக்கிறதா என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. கேட்டவரின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், அந்த இடத்தில் கடைசியாக ஒருவர் வெற்றிகரமாக ஏற்றியது எப்போது? பிளக்ஷேர் மாதிரி செயலிகளில் வந்து போனவர்கள் எழுதிவைத்திருப்பார்கள். நேற்று ஒருவர் ஏற்றியிருந்தால் போகலாம். கடைசிப் பதிவே மாதக்கணக்கில் பழையது என்றால், பச்சை நிறத்தில் 'காலியாக இருக்கிறது' என்று மின்னினாலும் நான் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பச்சையாகக் காட்டிய ஓர் இடத்துக்கு இரவில் போனால் வளாகத்தின் கேட் பூட்டியிருந்தது. சார்ஜர் உள்ளே காலியாகத்தான் இருந்தது, அந்த வகையில் செயலி பொய் சொல்லவில்லை!

ஒரே ஒரு கன் இருக்கிற இடத்தைவிட நாலு கன் இருக்கிற இடம் பத்து கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் மேல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்று இடம் ஒன்று குறித்துவையுங்கள், முடிந்தால் வேறு நிறுவனத்துடையதாக. ஏனென்றால் சர்வர் படுத்துக்கொண்டால் அந்த நிறுவனத்தின் எல்லா இடமும் சேர்ந்தே படுக்கும். அந்த மாற்று இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதை 3.3ஆல் வகுத்து, அதற்கு மேல் ஓர் 5 சதவீதம் வைத்துக்கொண்டு முதல் இடத்துக்குப் போங்கள். நான் '10ல் போய்ச் சேரலாம்' என்று எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன், மாற்று 5 கிலோமீட்டரில் இருந்தால் 8 கூடப் போதும், 50 கிலோமீட்டரில் இருந்தால் 20 வேண்டும்.

செயலிகளை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, வாலெட்டில் பணம் போட்டுவிடுங்கள். அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் இல்லாமல் ஓடிபிக்காகக் காத்திருப்பது கொடுமை. தட்டுகிற கார்டு கொடுக்கிறார்கள் என்றால் வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள்.

அப்புறம் கன் செருகும்போது ஒரு விஷயம். டிசி வேகச் சார்ஜரில் வரும் சிசிஎஸ் வகைக் கன் கனமானது, கேபிளின் எடை சேர்ந்து கீழே இழுக்கும், சாக்கெட்டில் லேசாகத் தொங்கியபடி நிற்கும். அப்படி இருந்தால் பூட்டு முள் சரியாக உட்காராமல் 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று திரை சொல்லும், நாமும் சார்ஜர் கெட்டுப்போச்சு என்று கிளம்பிவிடுவோம். செருகிய பிறகு கன்னை உள்ளங்கையால் தாங்கி, கொஞ்சம் மேலே தூக்கி, உள்ளே அழுத்தியபடி பிடித்துக்கொள்ளுங்கள். 'டக்' என்று பூட்டு விழும், சில நொடி கழித்து வண்டிக்குள் பேட்டரியை இணைக்கும் சுவிட்சான காண்டாக்டர் மூடும் சத்தம் கேட்கும், திரையில் ஆம்பியர் ஏறத் தொடங்கும், அதுவரை விடாதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் வண்டியைப் பூட்டித் திறந்துவிட்டு இன்னொரு முறை, பிறகு அடுத்த கன், பிறகு பெட்டியில் எழுதியிருக்கும் உதவி எண். அவர்களால் பல நேரம் தூரத்திலிருந்தே ரீசெட் செய்ய முடியும். ஏறத் தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள், நின்றால் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும்.

வரிசையில் ஆள் இருந்தால் 80ல் கழற்றிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு 97, 98 என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன சொல்ல.

எதிர்க்காற்று:

80ஐ வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். அடுத்த பக்கம் 250 கிலோமீட்டருக்கு நம்பும்படி ஒன்றும் இல்லை என்றால் 95 வரை ஏற்றிவிட்டுப் போவதுதான் புத்தி, அரை மணி நேரம் போனால் போகட்டும். உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் அவ்வப்போது 100 ஏற்றச் சொல்லிப் பல கம்பெனிகளே கையேட்டில் எழுதியிருக்கும். அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருப்பதால் சதவீதம் காட்டுகிற எண் மெல்லப் பிசகும், நிறைய ஏற்றினால்தான் சரியாகும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அதைச் செய்தால் இரண்டு வேலையும் ஆச்சு.

புதுச்சாவி:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டைப் பார்த்தேன், எல்எஃப்பிதான். நேர்வழி, செயலியிலும் போட்டுப் பார்த்தேன், அதுவும் இரண்டு நிறுத்தம்தான் சொல்கிறது.

இன்னும் ஒன்று. தங்கப்போகிற விடுதிக்கு போன் செய்தேன். ஏசி சார்ஜர் இருக்கிறது, 11 கிலோவாட் என்றார்கள். என் வண்டி 7.2 என்பதால் இரவு 9 மணிக்குச் செருகினால் காலை 7க்குள் நிறைந்துவிடும், அப்படியே திரும்பக் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஓம்விதி:

இதில் ஒரு பொறி இருக்கிறது, விடுதிக்கு மறுபடி போன் செய்ய வேண்டும். 11 கிலோவாட் என்பது பொதுவாக மூன்று ஃபேஸ், ஃபேஸுக்கு 16 ஆம்பியர். உங்கள் வண்டியின் 7.2 ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் எடுப்பதாக இருந்தால், அந்த மூன்றில் ஒன்றைத்தான் அது தொடும், 16 ஆம்பியர் கிடைக்கும், அதாவது 3.7 கிலோவாட். 22 கிலோவாட் சார்ஜர் என்றால் ஃபேஸுக்கு 32 இருக்கும், 7.2 முழுசாக வந்துவிடும். அதனால் 'எத்தனை கிலோவாட்' என்று கேட்காமல் 'ஃபேஸுக்கு எத்தனை ஆம்பியர்' என்று கேளுங்கள், தெரியவில்லை என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

3.7 என்றால் பத்து மணி நேரத்தில் 37 யூனிட், ஏசி சார்ஜிங்கில் பத்து சதவீதம் போல இழப்பு உண்டு, உள்ளே போவது 33. 16ல் இறங்கினால் காலையில் 71 இருக்கும். திரும்பும்போது அந்த 230 கிலோமீட்டருக்கு 69 வேண்டும். தாளில் போகும், ஆனால் நான் போக மாட்டேன்.

அப்படி ஆனால் திரும்பும் வழியில் 120, 130 கிலோமீட்டருக்குள் டிசி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், அங்கே 30க்கு மேல் வைத்துக்கொண்டு சேரலாம், பதினைந்து இருபது நிமிடம் ஏற்றினால் போதும்.

நள்ளிரவு ஓட்டம்:

அந்த ஏசி பெட்டிக்குக் கேபிள் அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நிறைய இடத்தில் வெறும் சாக்கெட்தான் இருக்கும், அதில் செருகும் டைப் 2 வகைக் கேபிளை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.