15 வருஷமா கராஜ்ல நின்ன எம்ஜிபி ஜிடி, முதல்ல எங்க கை வைக்கணும்?

கோவென்ட்ரி_வாசி:

வணக்கம். நான் இருக்கிறது இங்கிலாந்து கோவென்ட்ரில, ஊரு திண்டுக்கல் பக்கம். எங்க பக்கத்து வீட்டு தாத்தா ஒருத்தர், அவர்கிட்ட 1972 எம்ஜிபி ஜிடி, அதான் எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒண்ணு இருந்துச்சு, டீல் ப்ளூ கலர், குரோம் பம்பர். 2009ல கராஜுக்குள்ள விட்டவரு, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வெளிய எடுக்கவே இல்ல. நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசுல எனக்கு இங்க முதல்ல பேச்சுத்துணையா இருந்தது அவருதான், கராஜ் கதவை திறந்து வச்சுட்டு அந்த வண்டியைப் பத்தி மணிக்கணக்கா சொல்லுவாரு, அபிங்டன்ல இருந்த எம்ஜி பேக்டரில அவரே நேர்ல போய் டெலிவரி எடுத்த கதை எனக்கு மனப்பாடம். போன வருஷம் தவறிட்டாரு. அவங்க வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு வண்டி உனக்குத்தான், கண்டவன்கிட்ட போய் பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துடக் கூடாதுன்னு சொல்லி ரொம்பக் கம்மி விலைக்கு கொடுத்தாங்க. அதனால இதை நான் ஓட வச்சே ஆகணும்.

வேலைன்னு பார்த்தா எனக்கு தெரிஞ்சது ஆயில் மாத்துறது, பிரேக் பேட் மாத்துறது அவ்வளவுதான். டயர் நாலும் காத்து இல்லாம தரையோட உக்காந்திருக்கு, வண்டியை தள்ளினா பின் வீல் சுத்த மாட்டேங்குது, பானெட்டை தூக்கினா வெளிய பெருசா துரு தெரியல ஆனா கார்புரேட்டர் ரெண்டும் ஒரே அழுக்கு, பெட்ரோல் வாடை பெயின்ட் வாடை மாதிரி அடிக்குது. ஒரு கராஜ்ல வந்து பார்த்துட்டு முழுசா பிரிச்சுதான் செய்யணும், 14 ஆயிரம் பவுண்டாவது ஆகும்னு சொல்லிட்டாங்க, எது எதுக்கு எவ்வளவுன்னு கேட்டா எழுதித் தர மாட்டேங்குறாங்க. ஆபீஸ்ல ஒரு நண்பர் புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடிச்சுப் பாரு, அந்த காலத்து இன்ஜின் எல்லாம் சும்மா கிளம்பிடும்ங்கிறாரு. ரெண்டு பேர்ல யார் பேச்சை கேக்குறது?

ஸ்பேனர்_கை:

ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க தம்பி, முக்கியமா அந்த செல்ஃப் அடிக்கிற வேலையை செய்யவே செய்யாதீங்க. நான் நார்தாம்ப்டன் பக்கம் பழைய பிரிட்டிஷ் வண்டி மட்டும் பார்க்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல 11 வருஷமா இருக்கேன், எங்ககிட்ட வர்ற எம்ஜிபில நின்னே கெட்டதை விட நின்னதுக்கு அப்புறம் அவசரப்பட்டு கிளப்பினதால கெட்டதுதான் அதிகம்.

நீங்க எல்லாரையும் போல இன்ஜின்ல ஆரம்பிக்கிறீங்க. அந்த 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் கடைசில பார்த்தா போதும், அதுக்கு என்ன பார்ட் வேணும்னாலும் இன்னைக்கும் கிடைக்குது, அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்ச வண்டி இது. முதல்ல பார்க்க வேண்டியது சில். இந்த வண்டிக்கு தனியா சேஸிஸ் கிடையாது, கதவுக்கு கீழ நீளமா ஓடுற அந்த சில்லுதான் வண்டியோட முதுகெலும்பு. வெளி சில், உள்ள நடுவுல ஒரு தகடு, அடியில காசில் ரெயில்னு மூணும் சேர்ந்த பெட்டி அது. அதுல துரு பிடிச்சு கரைஞ்சதை வெட்டி எடுக்காம மேலயே ஒரு தகட்டை போர்த்தி வெல்டிங் வச்சு பட்டி பூசி பெயின்ட் அடிச்சு வித்துடுவாங்க, பார்க்க பளபளன்னு இருக்கும். கூரை இல்லாத ரோட்ஸ்டரா இருந்தா ஜாக்கி போட்டு தூக்குறப்ப கதவு இடுக்கு சுருங்கும், கதவு திறக்காம பிடிக்கும், உடனே தெரிஞ்சிடும். உங்களது ஜிடி, கூரை இருக்கிறதால அது தாங்கிப் பிடிச்சு மறைச்சிடும். அதனால ஒரு காந்தத்தை மெல்லிசு துணில சுத்தி சில் நெடுக இழுத்துப் பாருங்க, ஒட்டாத இடம் பட்டி. அப்புறம் படுத்துக்கிட்டு அடியில பாருங்க, காசில் ரெயில் ஓரம் வெட்டு வெட்டா கோட்டைச் சுவர் மாதிரி தெரியணும், தெரியாம வழவழன்னு இருந்தா மேல ஏதோ போர்த்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த 14 ஆயிரம் அதிகமா கம்மியான்னு வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடியைப் பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது, பார்க்காம சொல்றவங்ககிட்ட வண்டியை விடாதீங்க. எம்ஜி மட்டுமே பார்க்கிற ஆளைப் பிடிச்சு ஒரு ரெண்டு மூணு மணி நேர கூலி கொடுத்து முழுசா செக் பண்ணி போட்டோவோட எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் வேலையைப் பிரிச்சுக்கலாம். வெல்டிங், பிரேக் ரெண்டும் அவங்க செய்யட்டும். டேங்க், கார்புரேட்டர், ரேடியேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், பிளக் எல்லாம் ஒரு நல்ல மேனுவல் வச்சு நீங்களே பண்ணலாம், ஸ்பேனர் மட்டும் இஞ்ச் அளவுல வர்ற ஏஎஃப் செட் வாங்கிக்கோங்க, மில்லிமீட்டர் ஸ்பேனரை வச்சு திருகினா நட்டு முனையெல்லாம் மழுங்கிடும்.

ஹாரோ_அண்ணை:

தம்பி, மேல சொன்னது முழுக்கச் சரி, நான் பட்டுத் தெளிஞ்சனான். நானும் உப்பிடித்தான் 8 வருசம் நிண்ட எம்ஜிபி ஒண்டு வேண்டினனான். வேண்டின அண்டைக்கே ஆசையில பற்றரி பூட்டி ஸ்டார்ட் பண்ணினன், கொஞ்சம் இருமிப்போட்டு ஓடிச்சுது, பிள்ளையள் எல்லாம் கைதட்டினவை. டேங்குக்குள்ள கிடந்தது 8 வருசப் பழைய பெற்றோல். அடுத்த நாள் திருப்பி ஸ்டார்ட் பண்ணேக்க படார் எண்டொரு சத்தம். கழட்டிப் பாத்தால் வால்வைத் தள்ளுற கம்பி, புஷ்ராட், ரெண்டு வளைஞ்சு போய்க் கிடக்கு. பழைய பெற்றோல் எரிஞ்சு வந்த பிசின் வால்வுத் தண்டில ஒட்டி, இரவு குளிர இறுகி, வால்வு இறங்கேல்ல. கையில எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தனான், பென்சில் அளவு கம்பி அது, நடுவில வில்லு மாதிரி வளைஞ்சிருந்தது. இண்டைக்கும் ஒண்டை மேசையில வச்சிருக்கிறன்.

பிரேக்கையும் சும்மா விடாதேங்கோ. பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அது உள்ளுக்க கிடந்து சிலிண்டரைத் தின்னும். உங்கட பின்வீல் சுத்தாததுக்கு பெரும்பாலும் ஷூ டிரம்மோட பிடிச்சிருக்கும், இல்லாட்டி ஹாண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கும். ஹோஸ் வெளியில பாக்க வடிவா இருக்கும், உள்ளுக்க ஊதி அடைச்சிருக்கும், மிதிச்சால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. ரப்பர் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோ, பெற்றோல் ஹோஸும் சேத்து. 2021 செப்டெம்பரில இருந்து இஞ்ச சாதாரண பெற்றோல் இ10 தான், 10 வீதம் வரை எதனோல், பழைய ரப்பர் அதுக்குத் தாங்காது. புது ஹோஸ் போட்டாப் பிறகும் சூப்பர் அன்லெடட், எதனோல் 5 வீதம் வரை மட்டும் இருக்கிற இ5 தான் அடியுங்கோ.

கோவென்ட்ரி_வாசி:

அண்ணா, அண்ணை, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. காந்தம் வச்சு பார்த்தேன், டிரைவர் பக்கம் முழுக்க ஒட்டுது, இடது பக்கம் பின்னாடி ஒரு ஜாண் அளவுக்கு ஒட்டவே இல்ல. மனசு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு. குளோவ் பாக்ஸ்ல ஒரு சின்ன சிவப்பு நோட்டு கிடைச்சுது. தாத்தா கையெழுத்து, 1972ல இருந்து ஒவ்வொரு ஆயில் சேஞ்சும் தேதி, மைல் போட்டு எழுதியிருக்காரு, பெட்ரோல் போட்ட கணக்கு கூட இருக்கு, மழைல நனைஞ்சா அன்னைக்கு அடியை கழுவினேன்னு குறிச்சு வச்சிருக்காரு. அதுல 2001ல ஹெட் கழட்டி அன்லெடட் சீட் போட்டதுன்னு ஒரு வரி, 2008 மே மாசம் புது எஸ்யூ பெட்ரோல் பம்ப்னு ஒரு வரி. இதுனால ஏதாவது உபயோகம் உண்டா?

ஸ்பேனர்_கை:

உபயோகமா? தம்பி அந்த நோட்டு தங்கம், பத்திரமா வைங்க, வண்டியோட சேர்ந்து போக வேண்டிய சொத்து அது. 2000 ஜனவரியோட இங்க லெட் கலந்த பெட்ரோல் நின்னு போச்சு, பழைய வார்ப்பிரும்பு ஹெட்ல அன்லெடட் போட்டு ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும், பெரியவர் அடுத்த வருஷமே கடின சீட் போட்டுட்டாரு, நீங்க பெட்ரோல்ல எந்த மருந்தும் கலக்க வேண்டாம், ஹெட்டை இப்போதைக்கு கழட்டவும் வேண்டாம். பம்ப் புதுசுன்னாலும் நின்னதுல அதுக்குள்ள இருக்கிற பாயின்ட் கறுத்திருக்கும், சாவி போட்டா டிக் டிக்குன்னு அடிச்சுட்டு நிக்கணும், சத்தமே இல்லாட்டி ஸ்பேனர் பிடியால லேசா தட்டினா எழுந்துக்கும், நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா எங்கயோ பெட்ரோல் ஒழுகுது இல்ல டேங்க் காலின்னு அர்த்தம்.

இடது பக்க சில்லுக்கு பயப்படாதீங்க, அதை முறையா வெட்டி மாத்த சொல்லுங்க. முறையான்னா முன் விங், பின் விங் ரெண்டோட கீழ்ப்பகுதியையும் வெட்டினாத்தான் சில்லோட ரெண்டு முனையும் கைக்கு வரும், அதை வெட்டாம செஞ்சு தர்றேன்னு சொன்னா அவங்க போர்த்தப் போறாங்கன்னு அர்த்தம். தகடு விட்னில இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் தயாரிக்கிறதையே கேளுங்க, பழைய ஒரிஜினல் டூலிங்ல செய்யறாங்க, 1988ல இருந்து எம்ஜிபிக்கு முழு பாடியே புதுசா கொடுக்கிறவங்க அவங்க. வெட்டுறதுக்கு முன்னாடி கதவை மாட்டியே வச்சு உள்ள முட்டு கொடுக்கணும், இல்லாட்டி பாடி தொய்ஞ்சிடும்.

அது நடக்கிற நேரத்துல நீங்க இன்ஜினை பாருங்க. பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் மெல்லிசு ஆயில் விட்டு ரெண்டு நாள் விட்டுடுங்க. அப்புறம் முன்னாடி கிராங்க் புல்லி நட்ல பெரிய ஸ்பேனர் போட்டு கையாலயே சுத்துங்க, இறுக்கமா இருந்தா பலத்தை காட்டாதீங்க, இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. சுத்தினதுக்கு அப்புறம் ஆயிலும் பில்டரும் மாத்தி 20டபிள்யூ-50 ஊத்தி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் முள் எழும்புதான்னு பாருங்க. அரை நிமிஷம் வரை எழும்பாட்டி நிறுத்திடுங்க, இந்த இன்ஜின்ல ஆயில் பம்ப் காய்ஞ்சு போனா தானா இழுக்காது, பிளாக் பின்னாடி இருந்து ஆயில் கூலருக்கு போற பைப்பைக் கழட்டி அது வழியா ஆயில் ஊத்தணும். முள் எழும்பாம பிளக் மாட்டவே மாட்டாதீங்க. இடைவெளி கணக்கு, டேப்பெட் 15 தவ் (ஒரு தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 15 தவ், பிளக் 25 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, இதை சுவத்துல எழுதி ஒட்டிக்கோங்க.

கோவென்ட்ரி_வாசி:

நாலு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வேலை நடந்துக்கிட்டே இருந்துச்சு. அண்ணா சொன்ன மாதிரி எம்ஜி மட்டும் பார்க்கிற ஒருத்தரைப் பிடிச்சு செக் பண்ண வச்சேன், 41 போட்டோவோட எழுதித் தந்தாரு. இடது சில்லை வெட்டினப்ப நான் பக்கத்துலயே நின்னேன், வெளித் தகட்டுக்குள்ள இன்னொரு பழைய தகடு, அதுக்குள்ள கைப்பிடி கைப்பிடியா துருப்பொடி கொட்டுச்சு, உள்ள காசில் ரெயில் விரலால அழுத்தினாலே பிஸ்கட் மாதிரி உடையுது. இப்ப புதுசு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாம் மாத்தி அவரே பிளீடிங் பண்ணிட்டாரு. டயர் அஞ்சும் புதுசு, ஸ்டெப்னியோட சேர்த்து. சீட்டுக்குப் பின்னாடி தரைக்கு அடியில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருந்துச்சு, அதுக்கு பதிலா ஒரு 12 வோல்ட் போட்டாச்சு. பேட்டரியோட சேர்த்து எல்லா செலவும் இதுவரைக்கும் அந்த 14 ஆயிரத்துல பாதி கூட வரல.

டேங்கைக் கழட்டிப் பார்த்தா மேல்பக்கம் ஊசி ஓட்டையா இருந்துச்சு, புது டேங்க். கார்புரேட்டர் ரெண்டையும் சமையல் மேசைல பேப்பர் விரிச்சு நானே பிரிச்சு கழுவினேன். ஆயில் பிரஷர் முதல் தடவை எழும்பல, பைப் வழியா ஊத்தினதும் ரெண்டாவது தடவை முள் மெதுவா 50ஐ தாண்டுச்சு. பக்கத்து வீட்டம்மாவை கூப்பிட்டு நிக்க வச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். சோக்கை இழுத்து மூணாவது அடில பிடிச்சுக்கிச்சு. அவங்க ஒண்ணும் பேசல, பானெட் மேல கையை வச்சுக்கிட்டே நின்னாங்க.

40 வருஷம் தாண்டின வண்டிக்கு டாக்ஸும் இல்ல, வருஷா வருஷம் வண்டி ரோட்ல ஓட தகுதியான்னு பார்க்கிற எம்ஓடி டெஸ்ட்டும் கட்டாயம் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் போன வாரம் எம்ஓடி எடுத்துப் பார்த்தேன், பாஸ். இப்ப ஒரே ஒரு குறை, ஓவர்டிரைவ், அதான் வேகமா போறப்ப இன்ஜின் சுத்தை குறைக்கிற கூடுதல் கியர், விழ மாட்டேங்குது. சுவிட்ச் போட்டா ஒரு மாத்தமும் இல்ல. கியர்பாக்ஸை இறக்கணுமா?

ஹாரோ_அண்ணை:

வாசிக்க எனக்குக் கண் கலங்கிப் போச்சு தம்பி. எம்ஓடி எடுத்தது நல்ல வேலை, சட்டம் கேக்காட்டியும் இன்னொரு ஆளின்ர கண் ஒருக்கா அடியைப் பாக்கிறது வேணும்.

ஸ்பேனர்_கை:

இறக்க வேண்டாம், பத்துல ஒன்பது தடவை இது கரன்ட் பிரச்சனைதான். ஓவர்டிரைவுக்கு தனியா ஆயில் கிடையாது, கியர்பாக்ஸ் ஆயில்தான் அதுக்கும், அதனால முதல்ல டிப்ஸ்டிக்கை இழுத்து லெவல் பாருங்க, அதுலயும் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான் ஊத்தணும். அப்புறம் இன்ஜினை நிறுத்தி வச்சு, சாவி மட்டும் போட்டு, மூணாவது நாலாவது கியர்ல சுவிட்சை தட்டினா அடியில டக்குன்னு சொலனாய்ட் (கரன்ட்ல ஓவர்டிரைவைப் போட்டு விடுறது) சத்தம் வருதான்னு ஒரு ஆளை விட்டு கேளுங்க. வரலைன்னா வயர் புல்லட் கனெக்டர் பச்சை பிடிச்சிருக்கும், இல்ல மூணாவது நாலாவது கியர்ல மட்டும் கரன்ட் விடுற, கியர்பாக்ஸ் மேல இருக்கிற இன்ஹிபிட்டர் சுவிட்ச் போயிருக்கும். ஒவ்வொரு கனெக்டரையும் இழுத்து எமரி பேப்பர்ல தேய்ச்சு மாட்டிட்டு சொல்லுங்க, சத்தம் வந்தும் விழலைன்னா அடுத்தது என்னன்னு பார்ப்போம்.