பழி மூடுபனிக்கு, குற்றம் சுவருக்கு

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் வீடு தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். குளிருக்கு அருமை, வைஃபைக்குச் சனியன். அதை யோசிக்காமல் போன ஆடியில் ஃபைபர் இணைப்பு வாங்கினேன். டிவி சேனல்களும் அதிலேயே வரும் திட்டம்.

மாட்ட வந்த தம்பி சமையலறை ஜன்னலோரம் துளை போட்டு, கேட்வேயை, அதாவது ஃபைபர் வந்து சேரும் வைஃபை பெட்டியை, அங்கேயே சுவரில் அறைந்துவிட்டார். "கேபிள் இங்கதானே வருதுண்ணா" என்றார். டிவி இருப்பது கூடத்தில், நடுவே இரண்டு சுவர். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் அம்மா சீரியல் போட்டால் வட்டம் சுற்றும். வெளியே பனி. "மிஸ்ட் இறங்கிடுச்சுல்ல, அதான்" என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார். கூரையில் டிஷ் வைத்திருந்த காலத்துப் பழக்கம். டிஷ்ஷைப் பொறுத்தவரை மழை மேல் குற்றம் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ். கனமழை அதை வழியிலேயே தின்றுவிடும். ஃபைபரில் வருவதோ கண்ணாடி இழைக்குள் ஓடும் வெளிச்சம். பனி அதை என்ன செய்யும்? இது தெரிந்த நானும் இரண்டு மாதம் பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் லேப்டாப்பை லேன் ஒயரில் நேராகக் கேட்வேயில் செருகிப் பார்த்தேன். வேகம் 94 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் குறையே இல்லை. டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கண்ணிலேயே படவில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நாலும் மூன்றும் எம்பிபிஎஸ்ஸாக இழுத்துக்கொண்டிருந்தது. எச்டிக்கே 5 எம்பிபிஎஸ் வேண்டும், 4கே என்றால் 15-க்குக் குறையக் கூடாது.

சரி என்று கதவு நிலையோரமாக ஒயர் இழுத்து, கூடத்தில் இரண்டாவது ரவுட்டர் வைத்து, செட் டாப் பாக்ஸை அதில் மாட்டினேன். ஓடிடி எல்லாம் பிரமாதம். நேரலைச் சேனல்கள் மட்டும் கறுப்புத் திரை! இந்த இணைப்பில் அவை தனி விலானில், அதாவது அதே ஒயருக்குள் பிரித்து வைத்த தனிப் பாதையில், மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஓட்டத்தைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் முறையில்) வருகின்றன. வாய்க்கால் ஒன்றுதான், வேண்டியவர் மடையைத் திறந்துகொள்வது போல. என் புது ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொண்டு அந்த மடையை அடைத்துவிட்டது. தம்பிக்குப் போன் போட்டேன். "நாலாவது போர்ட்ல குத்துங்கண்ணா, அது ஒண்ணுதான் டிவிக்கு" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பாக்ஸுக்கு அந்தப் போர்ட்டிலிருந்து இன்னொரு ஒயர் இழுத்தேன். ரவுட்டரைத் தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றி, அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்தேன். அன்றோடு வட்டம் நின்றது.

அம்மா இப்போதும் பனி இறங்கினால் ஒரு தடவை டிவியைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

குன்னூரிலிருந்து:

எங்களுக்குச் சுவர் பிரச்சினை இல்லை, பீரோ பிரச்சினை. பெயின்ட் அடிக்க நகர்த்திய பீரோவைத் திரும்பத் தள்ளியதில் பின்னால் இருந்த ஃபைபர் மடங்கிவிட்டது. கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வெளியே கசியும். கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். மைனஸ் 27-க்குக் கீழே போனாலே தகராறுதான். படம் கட்டம் கட்டமாகச் சிதறும், சில நேரம் வெளிச்சம் வரவில்லை என்று சொல்லும் சிவப்பு லாஸ் விளக்கு எரியும். பீரோவை நாலு விரற்கடை முன்னால் இழுத்தேன், அவ்வளவுதான், மைனஸ் 21.

இன்னொன்று. பச்சை முனை ஃபைபர் ஒயரை நீல முனையில் செருக விடாதீர்கள். பச்சையின் கண்ணாடி சாய்வாகச் சீவியது, நீலம் அப்படியல்ல. இரண்டும் ஒட்டி உட்காராது.

பண்ணைக்காட்டிலிருந்து:

இங்கே மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்வே 12 வோல்ட்டில் ஓடுவதால் கையடக்க மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்; முதலில் பார்க்காமல் வாங்கியது பெட்டியைக் கிளப்பவே இல்லை. இப்போது மூன்று மணி நேரம் தாங்குகிறது. டிவிக்குத்தான் கரண்ட் இல்லை. வீடே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறது.