7000 ரூபாய்க்குள் கையடக்க ப்ளேயர்: எம்டியா, சிடியா, கார்டா, பழைய ஐபாடா?

எட்டாவது_கிராஸ் (மல்லேஸ்வரம், பெங்களூரு):

எல்லோருக்கும் வணக்கம். தினமும் மெஜஸ்டிக்கில் மாறி பர்ப்பிள் லைனில் ஒயிட்ஃபீல்டு வரை போகிறேன். போகவர பாட்டு கேட்க மட்டும் ஒரு தனிப் பெட்டி வேண்டும். போன் வேண்டாம், பாக்கெட்டுக்குள் கையை விட்டே பாட்டை மாற்றும்படி பொத்தான்கள் இருக்க வேண்டும். வயர் இயர்ஃபோன்தான். இயர்ஃபோன், கார்டு எல்லாம் சேர்த்து 7000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

கையில் இருப்பது: ஏறக்குறைய 60 ஆடியோ சிடி (பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரி, கொஞ்சம் பழைய சினிமா), 40 கேசட், தமிழில் பெயரிட்ட எம்பி3 ஃபோல்டர் ஒன்று.

கடைகளில் சொன்ன விலை: பழைய சோனி நெட்எம்டி (கணினியோடு இணையும் மினிடிஸ்க், அதாவது எம்டி ப்ளேயர்), 5 டிஸ்குடன் 6500. பழைய எம்பி3-சிடி ப்ளேயர் 2500. 30 ஜிபி ஐபாட் வீடியோ 4000, பேட்டரி எப்படி இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை. புதிய கார்டு ப்ளேயர் (மெமரி கார்டில் உள்ள ஃபைலைப் பாடுவது), பொத்தான் உள்ளது, 3000 சுற்றி. எதை எடுக்கலாம்?

---

சுருதிப்பெட்டி:

கார்டு ப்ளேயர். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்கிறதா? கணினி வழியாக ஏற்றும் எந்த வடிவத்துக்குப் போனாலும் அந்த 60 சிடியும் 40 கேசட்டும் முதலில் ஃபைலாக வேண்டும். பட்ஜெட்டைத் தின்பது அதுதான், ப்ளேயர் இல்லை. 6500 கொடுத்து எம்டி வாங்கினால் மிச்சம் 500-இல் என்ன செய்வீர்கள்?

இடக் கணக்கு: ஒரு கச்சேரி இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். 192 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட், இதுதான் பிட்ரேட்) எம்பி3-இல் அது 216 எம்பி. 32 ஜிபி கார்டில் சுமார் 145 கச்சேரி போகும். அதையே தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கில் வைத்தால் ஒரு கச்சேரிக்கு 850 முதல் 900 எம்பி. அதே கார்டில் 35-தான் தேறும். ஃப்ளாக்கை வீட்டில் ஹார்ட் டிஸ்கில் மூலப்பிரதியாக வையுங்கள், கார்டில் எம்பி3 போதும். நகர ரயில் நிலையத்திலிருந்து கப்பன் பார்க் வரை சுரங்கத்துக்குள் ரயில் போடும் சத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் ஆகாது.

192-ஐ மாறாத பிட்ரேட்டிலேயே வையுங்கள். மாறும் பிட்ரேட் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மலிவான ப்ளேயர்கள் அதில் நேரத்தைத் தப்பாகக் காட்டும். 40 நிமிஷப் பல்லவியில் நடுவே தள்ளிப் பார்த்தால் எங்கோ போய் விழும்.

இந்த வகைப் பெட்டிகளில் வழக்கமாக வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், வாங்கிய பிறகு திட்டக்கூடாது.

முதலாவது வரிசை. பல ப்ளேயர்கள் பெயர் வரிசையில் பாடாது. கார்டில் எந்த ஃபைல் முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். 01, 02 என்று பெயர் வைத்தும் மங்களம் முதலில் வந்து வர்ணம் கடைசியில் வரும். ஒவ்வொரு ஃபோல்டராக, ஃபைல்களை வரிசையாகக் காப்பி செய்யுங்கள். அல்லது ஃபாட்சார்ட் என்ற இலவசக் கருவியால் கார்டின் பட்டியலையே அடுக்கிவிடலாம்.

அடுத்தது தமிழ். திரையில் எழுத்து தெரிந்தாலும் எழுத்தைக் கோக்கும் வேலை பல பெட்டிகளில் இல்லை. ‘கெ’ என்பதில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ பார்க்கவே சகிக்காது. டேக்குகளை (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு, பாடகர் விவரம்) ஐடி3 2.3, யூடிஎஃப்-16 ஆகச் சேமித்தால் கட்டங்கள் வருவது குறையும், ஆனால் கொம்பு சரியாகாது. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியீட்டில் இருக்கும் டேக்குகள் எதிலும் குப்பையாகத்தான் வரும். எம்பி3டேக் என்ற மென்பொருள் போட்டு ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர், டேக் மூன்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுவதே நிம்மதி. மூலப்பிரதியில் தமிழ் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது, பாட்டுக்குப் பாட்டு விழும் இடைவெளி. சிடியில் ராகம், தானம், பல்லவி என மூன்று ட்ராக்காகப் பிரித்திருப்பார்கள், ஆனால் தம்பூரா அறுபடாது. எம்பி3 என்பது 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக எழுதப்படுவது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். நல்ல ப்ளேயர் அதை வெட்டிவிடும், மலிவானது வெட்டாது. தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளம். அந்த மூன்று ட்ராக்கையும் சிடியிலிருந்து எடுக்கும்போதே ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால், அணைத்துவிட்டுப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி ப்ளேயரில் கட்டாயம் இருக்க வேண்டும். கடையிலேயே பாருங்கள்.

---

வட்டத்தகடு:

சுருதிப்பெட்டி சார் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எம்டியை ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

எம்டியின் வழக்கமான எஸ்பி முறையில் 292 கேபிபிஎஸ். ஒரு 80 நிமிஷ டிஸ்கில் ஒரு சிடி அப்படியே போகும், தம்பூரா, மிருதங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும். நீண்ட நேரம் பதியும் எல்பி2 முறையில் 132 கேபிபிஎஸ், 160 நிமிஷம்: மெட்ரோவுக்குப் போதும். எல்பி4 பக்கம் போகவே வேண்டாம். 66 கேபிபிஎஸ்-இல் தம்பூரா நீரில் அலசுவதுபோல் கேட்கும். பலருக்குத் தெரியாத ஒன்று, மோனோவில் பதிந்தால் எஸ்பி தரத்திலேயே 160 நிமிஷம் கிடைக்கும். பழைய மோனோ கேசட் கச்சேரிக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. டெக்கிலிருந்து லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலி உள்ளே வரும் துளை) வழியாக நேரே பதியலாம், லேப்டாப்பே வேண்டாம். டிஸ்கைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதலாம், ஆகவே 60 டிஸ்க் தேவை என்பதும் இல்லை.

இருந்தாலும் இந்தப் பட்ஜெட்டில் நானும் வாங்கச் சொல்ல மாட்டேன். 1992-இல் வந்த வடிவம். பதிவு செய்யும் டிஸ்க் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இனி இருப்பது விற்பனையாளர்களிடம் தேங்கிய சரக்குதான்.

ஆசை விடவில்லை என்றால் கடையில் இவற்றைப் பாருங்கள். மாடல் பெயர் எம்இசட்-இ என்று தொடங்கினால் அது பாட மட்டும், பதியாது. எம்இசட்-என்இ என்றால் கணினியிலிருந்து ஏற்றலாம், லைன்-இன் கிடையாது, கேசட்டுக்கு உதவாது. வெறுமனே பாடவைத்துப் பார்த்துவிட்டு வரக் கூடாது, ஒரு நிமிஷம் பதிந்து பாருங்கள். எழுதும் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் அறுந்திருந்தால் பழைய டிஸ்க் அழகாகப் பாடும், புதிதாக எழுதாது. பதிந்த பின் நிறுத்தி, திரையில் ‘டிஓசி’ எழுதி முடிக்கும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள். உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் எழுதப்படும், நடுவே கரண்ட் போனால் பதிந்தது போச்சு. பிறகு டிஸ்கை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் பேட்டரி செத்துத்தான் இருக்கும், ஆகவே பக்கத்தில் மாட்டும் ஏஏ பேட்டரிக் கூடு அதோடு வருகிறதா என்று கேளுங்கள். கூடு இல்லையென்றால் பேரமே வேண்டாம்.

கணினியோடு இணைக்க இப்போது சோனியின் பழைய மென்பொருள் தேவையில்லை. குரோமில் வெப் மினிடிஸ்க் ப்ரோ என்ற இணையப்பக்கத்தைத் திறந்தால் போதும். வின்டோஸில் முதலில் சாடிக் என்ற கருவி வைத்து வின்யூஎஸ்பி டிரைவர் போட வேண்டும்.

---

எழுநூறு_எம்பி:

சிடி ப்ளேயர் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 700 எம்பி சிடி-ஆரில் 192 கேபிபிஎஸ் எம்பி3 எட்டரை மணி நேரம், மூன்று கச்சேரி. ஆடியோ சிடியை அப்படியே போட்டும் கேட்கலாம். எம்பி3 ஓடும்போது சிடியைவிட ஏழில் ஒரு பங்கு தரவுதான் படிக்க வேண்டும் என்பதால் குலுக்கலில் அறுபடுவதும் குறைவு, பேட்டரியும் நிற்கும்.

எரிக்கும்போது டிஸ்கை முடித்து மூட வேண்டும். திறந்து விட்டால் பல ப்ளேயர் படிக்காது. சிடி-ஆர்டபிள்யூவின் பிரதிபலிப்பு மிகக் குறைவு, பழைய லென்ஸ் திணறும். வாங்கும்போது கடையில் வாங்கிய ஒரு சிடி, வீட்டில் எரித்த ஒரு சிடி-ஆர் இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முதலாவது மட்டும் பாடினால் லேசர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது: 12 செமீ வட்டம் எந்தச் சட்டைப் பையிலும் போகாது. காலை எட்டரை மணிக்கு மெஜஸ்டிக்கில் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

---

எட்டாவது_கிராஸ்:

மிக்க நன்றி. லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. கேசட் டெக் வேலை செய்கிறது. சரி, எம்டி ஆசையை விட்டுவிட்டேன். ஐபாட் எப்படி? அதோடு, கடையில் அந்த 3000 ரூபாய்க் கார்டு ப்ளேயரை என் இயர்ஃபோனில் கேட்டபோது பாட்டு நின்ற இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். அதற்கு வழி உண்டா?

---

சக்கரம்_சுற்றி:

ஐபாட் வீடியோ அருமையான பெட்டி, இடைவெளி இல்லாமல் பாடும், சக்கரம் கைக்கு இதம். ஃப்ளாக் பாடாது, ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருள் போட்டால் பாடும், ஃபைலை நேரே இழுத்துப் போடவும் முடியும்.

4000-க்கு வாங்குமுன் ஹார்ட் டிஸ்கைப் பாருங்கள். மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் மறுபடி தொடங்கும்; ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தான், பின்செல் பொத்தான் இரண்டையும் பிடித்தால் பரிசோதனைத் திரை. அதில் ஹார்ட் டிரைவ் பிரிவில் ஸ்மார்ட் என்ற டிஸ்க் நல விவரம் இருக்கும். மாற்றிய செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க் கிளம்பத் தயார்.

டிஸ்கை எடுத்துவிட்டு மைக்ரோ எஸ்டி அடாப்டர் போடலாம். எடை குறையும், பேட்டரி கூடுதலாக நிற்கும். ஆனால் அடாப்டர், கார்டு, புதிய பேட்டரி மூன்றும் சேர்ந்தால் உங்கள் 7000 தாண்டிவிடும். திறப்பதும் எளிதல்ல. பின்மூடியோடு பேட்டரி ரிப்பனும் ஹெட்ஃபோன் ஜாக் ரிப்பனும் ஒட்டிக்கொண்டிருக்கும், படக்கென்று பிரித்தால் கிழியும். பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் பழுப்புத் தாழ்ப்பாளை மேலே தூக்க மட்டும் செய்யுங்கள். நெம்பி உடைத்தால் போர்டே வீண். கையில் பணமும் பொறுமையும் சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது.

---

சுருதிப்பெட்டி:

இரைச்சலுக்கு வழி உண்டு. அது ப்ளேயரின் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று) போடுவது. வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. சிறு ஒலியையும் காட்டும் 16 ஓம் இயர்ஃபோனில் அதிகமாகத் தெரியும். நடுவே 33 முதல் 75 ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் அடாப்டர் ஒன்று மாட்டினால் இரைச்சலும் பாட்டும் சேர்ந்தே இறங்கும்; பிறகு வால்யூமை ஏற்றினால் பாட்டு மட்டும் ஏறும். சாதாரண டைனமிக் டிரைவர் இயர்ஃபோனுக்குத்தான் இந்த வைத்தியம். பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகைக்குச் செய்தால் ஒலியின் நிறமே மாறிவிடும்.

பணத்தைப் பிரித்தால் இப்படி: ப்ளேயருக்கு 3000-க்கு மேல் வேண்டாம். இயர்ஃபோனுக்கு 1200, காதை அடைத்து மூடும் சிலிகான் அல்லது ஃபோம் நுனி கட்டாயம். நுனி சரியாக அடைக்காவிட்டால் ரயில் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுவீர்கள், காதுக்குக் கேடு. மிச்சம் 2800-இல் வெளியே மாட்டும் யூஎஸ்பி சிடி டிரைவ், ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ அடாப்டர், 32 ஜிபி கார்டு. சிடி டிரைவை நண்பர் யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் அந்தப் பணத்தை இயர்ஃபோனில் போடுங்கள்.

அந்த அடாப்டரில் கவனம். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஜாக்கில் உள்ளே போவது மைக், மோனோ. டெக்கின் லைன்-அவுட்டை அதில் சொருகினால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் கரகரவென்று உடைந்து வரும். மலிவான யூஎஸ்பி சவுண்டு கார்டுகளிலும் மைக் துளைதான். ‘ஸ்டீரியோ லைன்-இன்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும்.

டெக்கின் வேகத்தையும் சரிபாருங்கள். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்: ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடுவார், தாளமும் ஓடும். தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் போனில் உள்ள ட்யூனரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குள் ஒரு எச்சரிக்கை: கச்சேரி சரியாக கட்டைக்கு நடுவே சுருதி சேர்த்தும் இருக்கலாம். ஒரே டெக்கில் ஐந்தாறு கேசட் போட்டு எல்லாமே ஒரே அளவு ஏறியிருந்தால்தான் டெக் மேல் பழி போடலாம்.

சிடிகளை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் வைத்து ஃப்ளாக்காக எடுங்கள். சிறிய கம்பெனிகளின் கர்நாடக சிடிகள் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிடும் அதன் தளத்தில் இல்லாமல் போகலாம். அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுத்து இரண்டு தடவை படித்ததற்கும் வரும் சரிபார்ப்பு எண் ஒன்றா என்று பாருங்கள்.

கார்டு வாங்கியதும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைக் கருவியை ஓட்டி முழுக் கொள்ளளவும் எழுதிப் படியுங்கள். போலிக் கார்டு 64 என்று காட்டும், உள்ளே 8 இருக்கும். முதல் 8 ஜிபி ஒழுங்காகப் பாடிவிட்டுப் பிறகு எழுதியதெல்லாம் காணாமல் போகும். 32-க்கு மேல் வாங்கினால் எக்ஸ்ஃபாட் என்ற ஃபார்மேட்டில் வரும், இந்த வகைப் பெட்டிகள் பலவும் ஃபாட்32 மட்டுமே படிக்கும், வின்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியோ அந்த அளவுக்கு ஃபாட்32 தராது. 32-ஓடு நிற்பது நல்லது.

---

எட்டாவது_கிராஸ்:

தெளிவாகிவிட்டது. கழற்றி மாற்றும் பேட்டரி உள்ள ப்ளேயர்தான் நல்லதா? ஒரு கடையில் பிஎல்-5சி போடும் மாடல் ஒன்று வைத்திருந்தார்கள்.

---

வட்டத்தகடு:

ஆமாம், அதையே எடுங்கள். பிஎல்-5சி பழைய நோக்கியா போன் பேட்டரி, எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கும். உள்ளே ஒட்டிய பை பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் உப்பினால் பெட்டியையே தூக்கிப் போட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் ஞாயிறு பல கடை மூடியிருக்கும், சனிக்கிழமை போங்கள். உங்கள் இயர்ஃபோன், பாட்டு ஏற்றிய கார்டு, அந்த ஒட்டிய பல்லவி ஃபைல் மூன்றையும் கொண்டுபோய், நடுவில் அணைத்துப் போட்டு, விட்ட இடத்தில் தொடர்கிறதா என்று பார்த்த பிறகு காசை எடுங்கள்.